வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்தவனுக்கு

மட்டாஞ்சேரி பஜாரில் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு எதிரே உன் படத்தைப் பெரிய பிளெக்ஸாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே 'கடலின் காவலன்' என்று எழுத்து. சாயா குடிக்கப் போனவன் குடிக்காமல் திரும்பிவந்து இதை எழுதுகிறேன். நீ என்னைவிட மூத்தவன். படகை ஓட்டிய உன்னை 'ஸ்ராங்கே' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டு வந்தேன். இப்போது 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை.

நம் படகின் வி.எச்.எஃப் வயர்லெஸ் உன் தலைக்கு மேலே தொங்கும். நாம் போகும் ஆழ்கடலிலிருந்து அதன் அலை கரைக்கு எட்டாது. அக்கம்பக்கத்துப் படகுகளுக்குத்தான் கேட்கும். அதற்காகவே ஆபத்தில் கூப்பிடுவதற்கான பதினாறாம் சேனலை எல்லோரும் திறந்து வைத்திருப்போம். உனக்கோ அது தொல்லை. "பேசுனா மீன் கெடக்க எடம் ஊருக்கே தெரிஞ்சிரும்ல" என்பாய்.

அன்று காற்று கிளம்பியிருந்தது. வலை நிறையக் கணவாய் மீன். அப்போதுதான் நம் ஊர் லாசர் அடுத்த படகிலிருந்து வயர்லெஸில் கூப்பிட்டான்.

"ஸ்ராங்கண்ணே, தண்ணி ஏறுது. உங்க படகு எனக்குத் தெரியுது. வாங்கண்ணே!"

நீ சத்தத்தைக் குறைத்தாய்.

"வலைய அறுத்து விட்டுட்டுப் போவோம்" என்றேன்.

"ஏத்திட்டுப் போலாம். அவன் எப்பவும் இப்படித்தான் கெடந்து கத்துவான்."

மைக்கைப் பிடுங்கப் பார்த்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினாய். பின்னால் வலை இழுத்தவர்களுக்கு என்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது கவிழ்ந்த படகைப் பிடித்தபடி நான்கு பேர் மிதந்தார்கள். லாசர் இல்லை. அந்த நான்கு பேரையும் தூக்கியதற்கு உனக்குச் சால்வை போர்த்தினார்கள். வயர்லெஸ் பழுது என்றாய், நம்பினார்கள். நான் சொன்னதைப் பொறாமை என்றார்கள்.

போன மாதம் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் உன் வீட்டில் உனக்கு நெஞ்சுவலி. உன் மனைவி ஒரு சத்தம் போட்டதும் தெருவே ஓடிவந்து உன்னைப் பிழைக்க வைத்ததாம். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேற்று லாசரின் மனைவி மெர்சி வந்தாள். "அவரு கூப்பிட்டது நெசந்தானா அண்ணே?" எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"பயந்துபோயா பேசுனாரு?"

"இல்ல" என்றேன். அது உண்மை. அவன் குரலில் பயமே இல்லை, ஸ்ராங்கே. உன் படகைப் பார்த்துவிட்ட நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.