டெசிமேற் என்று எழுதாதே

மச்சான்,

இன்று காலை லோசான் மெற்றோவில் கைபேசியைத் திறந்தால் ஓர் ஆங்கிலச் செய்தி: வசந்தத்தில் விழுந்த உறைபனி ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டங்களை டெசிமேற் செய்துவிட்டதாம்; பெரும்பகுதி அழிந்துவிட்டதாம். நீ இருந்தால் உடனே அழைத்து, "பத்துக்கு ஒரு கொடி எண்டு எண்ணிப் பாத்தவங்களாமோ?" என்று கேட்டிருப்பாய். நினைத்துக்கொண்டே இருந்ததில், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் கடிகாரச் சில்லுகளைச் சோதித்துச் சிவந்த கண்களோடு, ஞாயிறுகளில் லா ஷோ-து-ஃபோனிலிருந்து ரயிலேறி வருவாய். ஜெனீவாவில் ஐ.நா.விடம் கொடுப்பதற்காக, போரில் தப்பிய நம் சனத்தின் வாக்குமூலங்களை என் குசினி மேசையில் வைத்து இருவரும் ஆங்கிலமாக்குவோம். மட்டக்களப்புப் பக்கத்து அம்மா ஒருவர், "எங்கட ஊருல கனபேர் இல்லாமப் போயிட்டாங்க மகன்" என்று சொல்லியிருந்தார். கிராமமே டெசிமேற் செய்யப்பட்டது என்று எழுதி, பெருமையோடு உன்னிடம் நீட்டினேன். வாசிக்கும் வெள்ளைக்காரர் அசந்துபோவார்கள் என்று எனக்கு நினைப்பு.

நீ பேனையால் வெட்டினாய். "ரோமன் ஆமியின்ர சொல்லு மச்சான். சொல்வழி கேளாத தங்கட படையிலேயே சீட்டுக் குலுக்கி, பத்துப்பேரில ஒராளைக் கொல்லுறது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரும்பகுதியை அழிப்பதற்கும் இப்போது அதே சொல்தான் என்று அகராதியைத் திறந்து காட்டினேன்.

"ஓம், பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அந்தச் சொல்லுக்குள்ள ஒருத்தரின்ர பேரும் இல்லை. அம்மாவுக்குப் போன் எடு, பேரைக் கேப்பம்."

எடுத்தோம். வீடு வீடாக நினைவுபடுத்தி, அழுதழுது சொன்னார். பெயர்கள் இரண்டு பக்கத்துக்கு வந்தன. "இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல மகன்" என்றார்.

இன்னொரு ஞாயிறு, "உன்ர வீட்டில?" என்று உன்னைக் கேட்டேன். "எங்கட வீடும் டெசிமேற்தான். தேத்தண்ணியைக் குடி, ஆறுது" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், மேற்கொண்டு கேட்கவேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

மாசியில் உன் இதயம் நின்றபோது, மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நம் வழக்கப்படி தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள், காலஞ்சென்றவர்கள் உட்பட எல்லோர் பெயரும் அதில் வரவேண்டும். பெற்றோர் பெயர் உன் பிறப்புச் சான்றிதழில் கிடைத்தது. அதற்குப் பிறகு? உனக்கு அக்காமார் இருந்தார்களா, தம்பிமாரா? உன் ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். "அந்த வீட்டில நாலைஞ்சு பிள்ளையள். பேர் ஞாபகமில்லைத் தம்பி" என்றார்.

"போரில் மறைந்த உடன்பிறப்புகளின் அன்புச் சகோதரரும்" என்று எழுதிக்கொடுத்தேன். இறுதிக்கிரியை மண்டபத்துக்கு வந்தவர்கள், நல்லாய் எழுதியிருக்கிறியள் என்றார்கள். நீயென்றால் வெட்டியிருப்பாய்.

இப்போது யார் வாக்குமூலத்தோடு வந்தாலும் முதலில் பெயர்களைக் கேட்கிறேன். அழுதால், அழுது முடியும்வரை காத்திருந்து கேட்கிறேன். இத்தனை வருடம் எனக்கு எதிரே இருந்த உன்னிடம் கேட்கவில்லை.