வான்கப்பலில் இல்லாத குரல்

அண்ணே,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் நம் பிரிக்பீல்ட்ஸ் பகுதி வாசகசாலையில் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்கள் வான்கப்பல் நாவலை அண்ணி என்னிடம் கொடுத்தார். திறந்தால் இன்னும் உங்கள் சுருட்டு வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே லயன் வீடுகளின் வாசலில் நீங்கள் அதை உரக்க வாசிப்பீர்கள். எழுத்தறியாத நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

ஒரு ஞாயிறு, கதாநாயகன் செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்படும் இடம். கப்பலில் ஒரு திருகாணியைச் சோதிக்காமல் விட்டுவிட்டான். அப்போது அவனுக்குள் ஒரு குரல், ‘திரும்பிப் போய்ப் பார்’ என்றது. பக்கத்து வீட்டு முனியாண்டி சும்மா இருக்கவில்லை.

“அம்புட்டு தூரம் சாமியும் கூட வருதாண்ணே? அதுக்கு டிக்கெட் யார் எடுத்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்: “எங்க போனாலும் உள்ள இருக்கறது கூடத்தானப்பா வரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின நாள் மழையில், கிள்ளான் போகும் ரயில்வண்டியின் சக்கரங்களில் விரிசல் உண்டா என்று சுத்தியலால் தட்டி ஓசை பார்த்தபோது, கடைசிச் சக்கரத்தைத் தட்டாமலே சரி என்று சொல்லியிருந்தேன். விடிந்தால் வண்டி ஜனங்களோடு ஓடும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். பாதிக் கதையில் எழுந்து வண்டி நின்ற இடத்துக்கு ஓடினேன். தட்டினேன். கணீரென்று ஒலிக்க வேண்டிய சக்கரம் விரிசல் விழுந்த பானைபோலச் சத்தமிட்டது. மேஸ்திரியிடம் உள்ளதைச் சொன்னேன். தீரத் தீர ஏசினார், ஆனால் வேலையை விட்டு நீக்கவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்தார்கள்.

இந்தப் புத்தகம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நேற்று வாசகசாலையில் அந்த அத்தியாயத்தை நானே எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன். குரல் இல்லை அண்ணே. திருகாணியும் இல்லை. அவன் கதவைச் சாத்துகிறான், கப்பல் கிளம்பிவிடுகிறது.

என் படிப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தச் சனிக்கிழமை பக்கத்தில் நின்ற வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது நீங்கள். நான் அந்தச் சக்கரத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறீர்கள். நான் எழுந்திராவிட்டால் நீங்களே போய்த் தட்டியிருப்பீர்கள். பத்துப் பேர் நடுவில் என்னைத் தலைகுனிய வைக்காமல், பழியை வான்கப்பல்காரன் தலையில் கட்டிவிட்டீர்கள்.

வாசகசாலை என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘திரும்பிப் போய்ப் பார்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இனி படிப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

அடுத்த வாரம் நான் படிக்கப்போகும் அத்தியாயத்தில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே ஒருவன் பேச்சு விட்டுப்போன தம்பியிடம் மன்னிப்புக் கேட்டதாக வாசித்தீர்கள். அதுவும் புத்தகத்தில் இல்லையென்றால், அப்போது தம்பியோடு பேசாமலிருந்த முனியாண்டியிடம் விசாரித்து எழுதுகிறேன்.