வெங்காயத்துக்குக் குளிரெடுத்த கதை

கும்மிடிப்பூண்டி

சௌபாக்கியவதி ஜோதிலட்சுமிக்கு மணவாளன் எழுதுவது. நான் இரும்பாட்டம் இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

இந்த விதை ஆராய்ச்சிக் கம்பெனியே என் தலையில்தான் ஓடுகிறது. படித்ததுகளுக்கு மூளை கடுகளவு. பிரின்சி என்றொரு பெண், வேர்விட்ட வெங்காயத்தைக் குளிரறையில் வைத்திருந்தாள். பயிர் விறைக்கிறதே என்று, ராத்திரி காவலுக்கு இருந்த நான்தான் ஏசியை நிறுத்தினேன். மறுநாள் வேர் முழ நீளம்! அவளோ அழுகிறாள்.

"அங்கிள், செல்லு ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற டிஎன்ஏ ரெட்டிப்பாவணும். குளிர்ல அதோட அளவு எவ்ளோ மெதுவா ஏறுதுன்னுதானே பாத்துக்கினு இருந்தேன்!"

"இன்னாம்மா, சீக்கிரம் ஏறினா நல்லதுதானே?" என்றேன். பயிர் வளர்ந்ததற்கு அழுகிறவளை நம் ஊத்துக்கோட்டையில் எங்காவது பார்த்திருக்கிறாயா?

மேனேஜர் என் திறமையைப் பார்த்து வெளிகேட்டுக்கு மாற்றிவிட்டார். இனி முதலாளி காரே என் கையசைவுக்குக் காத்திருக்கும். இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லையாம். பேச்சுக்குச் சொல்வது, பயப்படாதே.

ஷிப்டு மணி அடிக்கிறது. கேட்டில் வெயில் அதிகம். தலையில் போட்டுக்கொள்ள நீ கட்டி அவிழ்த்த பழைய புடவை ஒன்றை உன் தம்பி லோகுவிடம் கொடுத்தனுப்பு. அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அதனால் துவைக்க வேண்டாம்.

மணவாளன்