நாலாவது சரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கேட்டதற்கு மட்டும் பதில். உங்கள் செருப்புத் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து நீ எழுதி அனுப்பிய காற்றுப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். பசையிலிருந்து மூன்று ரசாயன ஆவிகள். ஒன்று அனுமதித்த அளவில் ஐம்பது சதவீதம், ஒன்று நாற்பது, ஒன்று முப்பது. எல்லாம் வரம்புக்குள். இதைப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. உன் விரல் மரத்துப்போவதற்குப் பசை காரணமில்லை. சத்து மாத்திரை சாப்பிடு. மாமாவைப் பாத்திரம் கழுவச் சொல்.

தம்பி

மார்ச் 15

அவசரக்குடுக்கைத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

மாத்திரை சாப்பிடுகிறேன். மாமாவும் கழுவுகிறார், இரண்டு தட்டு போச்சு. விரல் மட்டும் அப்படியே. நேற்று சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. சின்னவள், "நீ என்ன பாப்பாவாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டாள். எங்கள் மேசையில் ஆறு பேர். நாலு பேருக்கு இதே கதை.

ஒரு சந்தேகம். நீ மூன்றையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறாய். எனக்கு இருப்பது ஒரே மூக்கு. மூன்றும் சேர்ந்துதானே உள்ளே போகிறது? கோபப்படாதே.

அக்கா

மார்ச் 21

அக்கா,

கோபம் உன்மேல் இல்லை. மூன்றும் நரம்பைப் பாதிப்பவை. அப்படியானால் கூட்ட வேண்டும். முதல் வருடப் பாடம். ஐம்பது, நாற்பது, முப்பது: நூற்றிருபது. நூறைத் தாண்டினாலே ஆபத்து. அதிலும் ஒன்று இன்னொன்றின் விஷத்தைக் கூட்டிவிடும். தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே "சரி" என்றிருந்தது. மூன்று சரியைப் பார்த்து நாலாவதாக நானும் ஒன்று போட்டுவிட்டேன்.

பசை மேசையை விட்டு மாறு. நரம்பு டாக்டரைப் பார். காற்றை வெளியே இழுக்கும் விசிறி கேள். என் முதல் கடிதத்தைக் கிழித்துப் போடு.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். பசையை விட்டு விலகியிருந்தால் மெல்ல சரியாகலாம் என்கிறார். என்னைப் பெட்டி அடுக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் இடத்தில் கல்யாணமாகி மூன்று மாதமான ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

கிழிக்கச் சொன்ன கடிதம் என்னிடம் இல்லை. வந்த அன்றைக்கே பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். சூப்பர்வைசர், "குடும்மா, பார்த்துட்டுத் தரேன்" என்று வாங்கினார். இப்போது அது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. விசிறி கேட்டால், "உன் தம்பியே எழுதியிருக்காரே, மாத்திரை சாப்பிடுங்க" என்கிறார். மாமா பாத்திரம் கழுவுவது தொழிற்சாலைக்கே தெரிந்துபோனது.

உன்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த மேசையைத் தாண்டிப் போகும்போது யாரும் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

இத்துடன் இன்னொரு தாள், என் பதவியும் கையெழுத்தும் போட்டு. நான் கூட்டாமல் விட்டது தவறு, கூட்டினால் நூற்றிருபது, விசிறி வரும்வரை அந்த மேசையில் யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் அதில். ஒரு நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒன்று என் மேலதிகாரிக்கும் போயிருக்கிறது. மேலதிகாரி திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி எழுதிக் கேட்காதே.

இதைப் பழையதன் மேல் வைத்து மறைக்காதே. பக்கத்தில் வை. இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். பசை வேண்டாம், குண்டூசி போதும். உன் விரலுக்குக் குண்டூசி பிடிபடாது. உன் இடத்தில் இருக்கும் அந்தப் பெண்ணைக் குத்தச் சொல். அவளுக்கு இன்னும் முடியும்.

தம்பி