எடுத்து வைத்த பங்கு

பதிவு 1
9 ஜூன் 2061, வியாழன், காலை 6.10

காற்றழுத்தம் சரி. ஆக்ஸிஜன் சரி. தண்ணீர்ச் சுழற்சி சரி. உடல் எடை 71.0 கிலோ. நிலவில் ஆறில் ஒரு பங்குதான் எடை. ஆனால் இங்குள்ள கருவி அதைப் பூமிக் கணக்குக்கு மாற்றிக் காட்டுகிறது. மாற்றாமல் விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சந்தோஷமாக இருந்திருக்கும்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. வேலை பாறை ஆராய்ச்சி. நிலவின் தென்முனையில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் இந்தக் கூடம் நிற்கிறது. இதில் இரண்டு பேர் இருந்தோம். போன வாரத்திலிருந்து நான் மட்டும்தான்.

திரும்பிப் போக வேண்டிய கலத்தில் எரிபொருள் கசிந்தது. அடைக்கப் போன பொறியாளர் கொம்பையா அண்ணாச்சி, வால்வு வெடித்து இறந்துபோனார். கசிவு நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் எரிபொருள் 64 கிலோ ஆளைத்தான் தூக்கும் என்று தரைக்கட்டுப்பாடு சொல்கிறது. அண்ணாச்சியின் இருக்கை, நான் சேர்த்த கற்கள், சுவர்ப்பலகைகள் எல்லாவற்றையும் கழற்றி வெளியே போட்ட பிறகு வந்த கணக்கு இது. இனிக் கழற்றுவதற்கு என் உடம்பு மட்டுமே பாக்கி.

செப்டம்பர் 1 அன்று தாய்க்கலம் என் தலைக்கு மேலே கடக்கும். அதை விட்டால் அடுத்தது வரும்வரை ஆக்ஸிஜன் தாங்காது. ஆக, பன்னிரண்டு வாரத்தில் ஏழு கிலோ குறைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு கூட நான் இப்படி ஒரு பாடு பட்டதில்லை.

பூமியிலிருந்து, டாக்டர் ஹபீபா:
"செண்பகம், நிதானமாப் போ. வாரம் அரைக் கிலோ நல்ல வேகம். மிஞ்சிப் போனா ஒரு கிலோ. அதுக்கு மேல குறைச்சா கொழுப்போட சேர்ந்து சதையும் கரைஞ்சிரும். அப்புறம் கலம் எழும்பும்போது உனக்குத் தலை நிக்காது. ஒவ்வொரு வேளையும் கால் பங்கைக் குறை. பருப்பு, முட்டையில கை வைக்காத. தினமும் கயிறு இழுத்துப் பயிற்சி செய்யி. நல்லாத் தூங்கு. வாரத்துக்கு ஒருக்கா மட்டும் எடை பாரு. தினம் ஏறி எறங்கி மனசைக் கெடுத்துக்காத."

பதிவு 2
10 ஜூன், பகல் 1.20

இங்கே சாப்பாடு எல்லாம் அளந்து கட்டிய பொட்டலம். கால் பங்கைக் குறை என்றால் அதைப் பிரித்த பிறகுதான் குறைக்க முடியும். இன்றைக்கு சாம்பார் சாதம். கால் பங்கை ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கியதைக் குப்பையில் போடத்தான் கை வரவில்லை.

அண்ணாச்சி வெளியே கிளம்பிய அன்றும் இதே சாம்பார் சாதம்தான். அப்போதுதான் சுடவைத்திருந்தேன். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது:

"தங்கச்சி, எனக்கு எடுத்து வையும்மா. இதை அடைச்சிட்டு வந்து சாப்பிடுதேன்."

எடுத்து வைத்தேன். எங்கள் வீட்டில் யாராவது வர நேரமானால் தட்டில் போட்டு மூடி வைப்போம். வராமல் யாரும் அதைத் தொட மாட்டோம். அன்று மூடிய தட்டை அப்புறம் நான்தான் திறந்து கழுவினேன். அந்தத் தட்டை இன்றைக்கு மறுபடி எடுத்து, என் கால் பங்கை அதில் போட்டு, மூடி, மேஜையில் அவருடைய இடத்தில் வைத்தேன். சாப்பிட ஆள் இல்லை என்று தெரியும். பள்ளத்தின் நிழலில் அவரைக் கிடத்தி, போர்வை போர்த்திவிட்டு வந்தவள் நான்தானே. ஆனாலும் வைத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

பதிவு 3
16 ஜூன், வியாழன், காலை 6.05

69.6 கிலோ! ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூடத்துக்குள் ஒரு குதி குதித்தேன். கூரையில் தலை இடித்தது.

டாக்டர் ஹபீபா:
"ரொம்ப ஆடாத. மொத வாரம் போறது பாதி தண்ணி. அடுத்த வாரம் கொறைவாத்தான் இறங்கும். அப்ப எனக்கு அழுதுகிட்டே செய்தி அனுப்பக் கூடாது, சொல்லிட்டேன்."

தட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று வேளையும் அவருக்குக் கால் பங்கு. அடுத்த வேளைக்கு அதை எடுத்துக் கழிவுப்பெட்டியில் கொட்டுகிறேன். இங்குள்ள காற்று வறண்ட காற்று. சோறு காய்ந்துபோய் தெர்மோகோல் மாதிரி எடையே இல்லாமல் இருக்கிறது. இன்று ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு இல்லை, புளி இல்லை, காரம் இல்லை. என் தட்டில் இருந்த அதே புளியோதரைதான்.

பதிவு 4
7 ஜூலை, வியாழன், மாலை 4.40

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து அப்படித்தான் இருக்கும்.

போன வாரம் 68.5. இந்த வாரமும் அப்படியே நிற்கும் என்று மனம் சொன்னது. பயந்துபோய் நான்கு நாள் பட்டினி கிடந்தேன். வெறும் தண்ணீர். சமைக்காததால் அண்ணாச்சிக்கும் ஒன்றும் வைக்கவில்லை. காலையில் ஏறிப் பார்த்தால் அதே 68.5. ஒரு கிராம் கூட அசையவில்லை! வெளியே சூரியத் தகட்டைத் துடைக்கப் போனேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏணியைப் பிடிக்கக் கையில் வலு இல்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தின் நிழல் தெரியும். போர்வையின் ஓரமும் தெரிந்தது.

டாக்டர் ஹபீபா:
"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பட்டினி கெடந்தா உடம்பு எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கும். எடை சில நேரம் அப்படியே நிக்கும், அது சகஜம். அதுக்காக வயித்தைக் காயப் போடுவியா? போ, போயி முழுசாச் சாப்பிடு. நாளையிலேர்ந்து பழையபடி கால் பங்கு மட்டும். எனக்கு நீ உசுரோட வேணும் செண்பகம்."

அழுதேன். அப்புறம் பருப்புச் சாதத்தைச் சுடவைத்தேன். அண்ணாச்சிக்கும் எடுத்து வைத்தேன். நான்கு நாள் போடாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன், சத்தமாகவே.

பதிவு 5
21 ஜூலை, வியாழன், காலை 6.30

67.0 கிலோ. சாப்பிட்டுக்கொண்டே குறைகிறேன். ஹபீபா சொன்னது சரி.

வேறு ஒன்றை எழுத வேண்டும். இந்தக் கூடம் நான்கு கால்களில் நிற்கிறது. மண் இறங்கினால் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு காலிலும் ஒரு சுமைமானி. முதல் கால் வாசலுக்கு அடியில். இரண்டாவது சாப்பாட்டு மேஜைக்கு அடியில். மூன்றாவது அண்ணாச்சியின் கட்டிலுக்கு அடியில். நான்காவது என் கட்டிலுக்கு அடியில். உணவு தீர்கிறது, கழிவு வெளியே போகிறது. எல்லாக் கால்களிலும் சுமை குறையத்தான் வேண்டும்.

மூன்றாம் காலில் மட்டும் கூடியிருக்கிறது. நான்கு கிலோ.

அவர் கட்டிலில் ஒன்றும் இல்லை. மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பழைய பதிவுகளை எடுத்து ஒப்பிட்டேன். எந்த வாரம் எனக்கு எவ்வளவு இறங்கியதோ, அந்த வாரம் அங்கே அவ்வளவு ஏறியிருக்கிறது. நான் பட்டினி கிடந்த வாரத்தில் அங்கேயும் அசைவில்லை.

தரைக்கட்டுப்பாட்டிலிருந்து, பொறியாளர் ராபின்சன்:
"அக்கா, அது சென்சார் கோளாறுதான். குளிர்ல அப்படிக் காட்டும்லா. நீங்க அதையே பாத்துகிட்டு இருக்காதீங்க. வேற ஏதாச்சும் பாட்டுக் கேளுங்க."

நல்ல பிள்ளை. பாட்டுக் கேட்கிறேன்.

பதிவு 6
28 ஜூலை, வியாழன், காலை 6.15

ஒரு வாரம் தட்டு வைக்கவில்லை. வேண்டுமென்றேதான். கால் பங்கை நேராகக் கழிவுப்பெட்டியில் போட்டேன். அதே அளவுதான் சாப்பிட்டேன், கயிறும் இழுத்தேன், தூங்கவும் செய்தேன்.

67.0. அப்படியே நிற்கிறது. மூன்றாம் காலும் நிற்கிறது.

இன்னும் ஐந்து வாரத்தில் மூன்று கிலோ. என்னால் இங்கே சாக முடியாது. வீட்டில் என் கணவர் ஆறுமுகராஜ் எனக்காக நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறார். நேற்று அனுப்பிய செய்தியில், "நீ வந்ததும் பரோட்டா போட மாஸ்டரையே வீட்டுக்குக் கூட்டியாறேன், போதுமா?" என்று கேட்டார். அந்த மனிதர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்து மூடி வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவருடைய பங்கை அவருக்குக் கொடுத்தால்தான் என் பங்கு எனக்குக் குறைகிறது. இதை ஹபீபாவிடம் எப்படிச் சொல்வது?

பதிவு 7
25 ஆகஸ்ட், வியாழன், காலை 6.00

64.5. மூன்றாம் காலில் ஆறரைக் கிலோ.

இப்போதெல்லாம் அவர் கட்டில் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்வதில்லை. சத்தம் ஒன்றும் கிடையாது. மெத்தையில் ஒரு சின்னக் குழி மட்டும் விழுந்திருக்கிறது. ஒரு கைக்குழந்தை படுத்து எழுந்தால் விழும் அளவுதான். உயிரோடு இருந்தபோது அண்ணாச்சி எண்பத்தெட்டுக் கிலோ இருந்தார்.

டாக்டர் ஹபீபா:
"அழகா வந்துட்ட. இதே நிதானம்தான் வேணும். சதை ஒண்ணும் கரையல, தெம்பும் இருக்கு. என் நோயாளியள்ல நீதான் சொன்னபடி கேட்டவ."

பதிவு 8
1 செப்டம்பர், வியாழன், காலை 9.50

கலத்திலிருந்து எழுதுகிறேன். கூடத்தில் எடை பார்த்தபோது 64.0. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கலத்தில் ஏறி, இருக்கைப் பட்டையை மாட்டி உட்கார்ந்தேன். கவச உடையைக் கழித்துவிட்டுக் கலத்தின் திரை காட்டும் ஆள் எடை:

71.0.

இறங்கினேன். பூஜ்யம். ஏறினேன். 71.0. முதல் நாள் இருந்த அதே எடை.

ராபின்சன்:
"அக்கா, உள்ள வேற என்ன இருக்கு? ஏழு கிலோ கூடுதலாக் காட்டுதே! அக்கா, இப்படியே கெளம்பினா பாதியில விழுந்துரும். நேரம் இல்லக்கா, என்னன்னு பாருங்க!"

காலையில் அவசரத்தில் அண்ணாச்சிக்குத் தட்டு வைக்கவில்லை. கிளம்பும் நாள்தானே என்று விட்டுவிட்டேன். பசியோடு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

காலை 10.35

கூடத்துக்கு ஓடினேன். மிச்சமிருந்த பொட்டலம் எல்லாவற்றையும் பிரித்தேன். சாம்பார் சாதம், புளியோதரை, முட்டை, பருப்பு எல்லாம். தட்டு கொள்ளவில்லை, மேஜையிலேயே கொட்டினேன். அவர் இடத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"சாப்பிடுங்க அண்ணாச்சி. இவ்வளவும் உங்களுக்குத்தான். சாப்பிட்டுகிட்டே இருங்க, நான் வாரேன்."

வாசலைத் தாண்டிய பிறகுதான் சொன்னதன் கனம் உறைத்தது. செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போக வேண்டும். எத்தனை துட்டி வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை கூட வாய் தவறியதில்லை. இன்று தவறவும் இல்லை. அவரை உட்காரவைத்துவிட்டுத் தப்பிக்க, தெரிந்தேதான் சொன்னேன்.

திரையில் 64.0. ராபின்சன் கத்துகிறான், சந்தோஷத்தில். கிளம்புகிறேன்.

பதிவு 9
22 செப்டம்பர், வியாழன், காலை 7.00, பூமி

நிலவோடு முடித்திருக்க வேண்டிய பதிவு இது.

வந்து சேர்ந்த பின் எட்டாம் தேதி எடை பார்த்தார்கள். 64.0. அன்றிலிருந்து தின்று தீர்க்கிறேன். ஆறுமுகராஜ் சொன்னபடி மாஸ்டரைக் கூட்டி வந்தார். பரோட்டா, சால்னா, கடலை மிட்டாய், நெய் விட்ட சோறு. ஒன்றிலும் உப்பு தெரியவில்லை, காரம் தெரியவில்லை. நாக்கு சரியாக நாளாகும் என்கிறார்கள்.

பதினைந்தாம் தேதி 63.5. இன்று 63.0.

ஹபீபா நேரிலேயே வந்து சிரித்தாள். "ஒண்ணும் பயப்படாத. வாரம் அரைக் கிலோ நல்ல வேகம்தான்" என்றாள்.

பதிவு 10
2 மார்ச் 2062, வியாழன், பகல் 1.30

51.5.

ஹபீபா இப்போது சிரிப்பதில்லை. ரத்தம் எடுத்தாள், படம் எடுத்தாள், வேறு டாக்டர்களையும் வரவழைத்தாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாரம் அரைக் கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்கடி போகுது இதெல்லாம்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். நிலவுக் கூடம் இன்னும் தன் கணக்கை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. ராபின்சனை நச்சரித்து வாங்கினேன். மூன்றாம் காலில் அதே ஏழு கிலோ. நான்காம் காலில், என் கட்டிலுக்கு அடியில், பன்னிரண்டரை. செப்டம்பரிலிருந்து வாரம் அரைக் கிலோவாக ஏறியிருக்கிறது. வருகிறேன் என்று சொன்னேன். போய்க்கொண்டிருக்கிறேன். நிதானமாகத்தான்.

இன்று மதியம் ராபின்சன் அனுப்பியது:
"அக்கா, இதை உங்ககிட்டச் சொல்லலாமான்னு தெரியல. சரியா ஒரு மணிக்கு மூணாம் கால், நாலாம் கால் ரெண்டுலயும் சுமை எறங்கிருச்சி. மேஜைக்கு அடியில இருக்கிற ரெண்டாம் கால்ல ஏறியிருக்கு. பத்தொன்பதரை. அக்கா, அங்க யாரு இருக்கா?"

ஆறுமுகராஜ் இலை போட்டுப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாயாவது சாப்பிடு என்று அழுகிறார். எனக்கும் அழுகை வருகிறது. ஆனால் என்னால் முடியவில்லை.

எனக்குப் பசியே இல்லை. நாக்கில் சாம்பார் சாதத்தின் புளிப்பு தெரிகிறது. வயிறு நிறைந்திருக்கிறது.