இப்போதைக்குக் கட்டிய படி

அன்பான மச்சான்,

அல்லாஹ் உங்கள் கப்றை, நீங்கள் உறங்கும் அந்தக் குழியை, விசாலமாக்கி வைக்கட்டும்.

முதலில் அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்க் காலத்தில், முஸ்லிம்கள் என்று நம்மை மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு கிளப்பியது அநியாயம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். புத்தளத்துக்கு வந்து, கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறதே என்று கடல் மணலை அள்ளிக் குழைத்து வாசலில் படி கட்டினீர்களே, அது நீங்கள் செய்த அநியாயம்.

அன்றைக்கே கேட்டேன்.

"மச்சான், இந்த மணல்ல உப்பிருக்கு. கம்பியைத் தின்னாதா?"

"இப்போதைக்குத்தானே புள்ள. ஊருக்குப் போற வரைக்கும் நிண்டாப் போதும்."

அந்தச் சொல்லைத்தான் இந்த வீடு முழுக்கப் பூசினோம். கூரைக்கு இப்போதைக்குத் தென்னங்கிடுகு, பிறகு இப்போதைக்குத் தகரம். காய்க்கும்போது நாம் இங்கே இருக்க மாட்டோமே என்று ஒரு மாங்கன்றுகூட வைக்கவில்லை. அந்தப் படி மட்டும் உங்கள் சொல்லைக் கேட்காமல் இத்தனை காலம் நின்றது. இப்போது கம்பி துருவேறி வீங்கி, விளிம்பெல்லாம் வெடித்துக் கழன்று விழுகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உங்கள் அக்கா, ராத்தா, என்னைப் பார்க்க வருவார். போன மாரியில் அவர் கால் வைத்த இடம் உடைந்து, கைத்தடியோடு சரிந்துவிட்டார். எலும்பு தப்பியது. தூக்கிவிட்டதும் சொன்ன முதல் கதை, "உன்ட வீட்டுப் படியில ஏற முந்தி, சாகப் போறவள் மாதிரிக் கலிமா சொல்ல வேண்டிக் கிடக்குடி."

பகிடிதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் வருவதில்லை. நீங்கள் சின்னப் பிள்ளையாய்ச் செய்த குழப்படிகளை அவர் சொல்லித்தானே நான் கேட்டேன். இனி உங்களைப் பற்றி நான் யாரோடு கதைப்பது?

நம் மகன் மேசன் பாஸைக் கூட்டி வந்தான். எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டி டைல் பதிக்க வேணும் என்றார் அவர். நமக்கு அந்த வசதி எங்கே? மழையில் டைல் இன்னும் வழுக்கும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் போன பிறகு மகன் சொன்னான்:

"அப்ப இப்போதைக்கு மேலால பூசி விடுவம் உம்மா."

உங்கள் குரலேதான். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ.

"டேய், உன்ட வாப்பாவை இஞ்சதான் அடக்கியிருக்கு. அதுவும் இப்போதைக்கா?"

நாம் இனித் திரும்பப் போவதில்லை என்பது, சொல்லும் வரைக்கும் எனக்கும் தெரியாது மச்சான்.

மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்துப் படியைத் தட்டிப் பார்த்தேன். விளிம்பில்தான், உள்ளே வெறுமையாய், பொள்ளல் சத்தம். நடுவில் கல் மாதிரி கணீரென்றது. இடிக்கத் தேவையில்லை. யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வீடு கட்டுகிற இடங்களில் நின்று பார்த்ததும் கேட்டதும்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பொள்ளலாய்க் கேட்கும் இடமெல்லாம் மகன் உளியால் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை உரசிப் போக்க வேணும். ஆற்று மணலை நான் சலித்துத் தருவேன். நம் கிணறு உவர் என்பதால் குடிக்கிற தண்ணீரில்தான் கலவை குழைக்க வேணும். அவன் அதற்கு முணுமுணுக்கக் கூடாது. பழையதை நனைத்து, சீமெந்துப் பால் தடவி, அது காயுமுன் கலவையை வைத்து, முன்னால் பலகை முட்டுக் கொடுக்க வேணும். இறுகுமுன் மேலே தும்புத்தடித் துடைப்பத்தால் அவனே கீறிவிட வேணும், அப்போதுதான் கால் வழுக்காது. மேலே போடும் ஈரச் சாக்கை ஒரு கிழமைக்கு நான் காய விட மாட்டேன். பழைய உப்பு உள்ளே கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அது எங்கே தலை தூக்கினாலும் அங்கே கொத்திப் பூசுவேன், இது என் வாக்கு.

படி இறுகியதும் உங்கள் ராத்தா வர வேணும். பிஸ்மி சொல்லி முதல் கால் அவர்தான் வைக்க வேணும். கலிமாவை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருந்த இடத்தில் இருங்கள். நானும் இங்கேதான் இருப்பேன்.

உங்கள் சொல்லை அன்றைக்கும் கேட்காத,
மாமி மகள்