உப்புமண்ணில் ஒட்டகம்

அன்புள்ள மனைவிக்கு,

கரகண்டா கைதிகள் முகாமிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. கம்பளி பூட்ஸை அனுப்பச் சொல்லியிருந்தாய். அது இப்போது உதவியாளர் கிளாஃபிராவின் காலில் இருக்கிறது. அளவும் சரியாக இருக்கிறது.

உன்னைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் கேட்டதற்கு மட்டுமே நான் பதில் சொன்னேன். அதைப் பற்றி மறுபடி எழுதாதே.

செடிகளைப் பற்றிய என் புத்தகத்தை எழுதி முடித்துவிட்டேன். நல்ல மண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும் செடி சிங்கம். இடம் காலியானதும் முளைத்துவிடுவது நரி. உப்பிலும் வறட்சியிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பது ஒட்டகம். வோல்காக் கரைப் புல்வெளி முழுவதையும் இப்படிப் பிரித்தாயிற்று. ஒட்டகத்துக்குக் கஷ்டம்தான் ஒத்துக்கொள்ளும் என்று முடித்திருக்கிறேன்.

"யார் சொன்னது? சிங்கம் துரத்திவிட்டுச்சு, அதனால உப்புல கிடக்குது. நல்ல இடம் குடுத்துப் பாருங்க" என்று சண்டை போட்டாயே. உன்னைக் கொண்டுபோவதற்கு முந்தின வாரம், கரிசல் பாத்தியில் புல்லைக் களைந்துவிட்டு நீ நட்ட மாசிபத்திரி, அந்த ஒட்டகச் செடி, என் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. உப்பு நிலத்தில் அது ஒரு சாண் தாண்டியதில்லை.

"அவங்க சொன்னது சரியாப் போச்சே" என்றாள் கிளாஃபிரா.

"பேசாம மண்வெட்டிய எடு" என்றேன்.

நேற்று அந்தப் பாத்தியை வெட்டிப் புரட்டிவிட்டோம்.

குளிர் அங்கே மைனஸ் நாற்பது வரை போகும் என்று எழுதியிருக்கிறாய். நீ தாங்கிக்கொள்வாய். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

உன் கணவன்